எழுத்தழகும் இயந்திரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கலையும் புதிய தொழில்நுட்பமும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இத்தலைப்பைக் கேட்டவுடன் சிலருக்குத் திரைப்படம் நினைவுக்கு வரும். சிலருக்குக் கணினியில் வரையும் ஓவியம் நினைவுக்கு வரும். நான் அவ்வளவு தூரம் போக நினைக்கவில்லை. உங்கள் கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அதில் அச்சாகியிருக்கும் ‘அ’ என்னும் எழுத்தைச் சற்றே உற்று நோக்குங்கள். அதற்கு ஒரு சுழி உண்டு. ஒரு வளைவு உண்டு. ஒரு நேர்கோடு உண்டு. சுழி எவ்வளவு பெரிதாயிருக்க வேண்டும், வளைவு எவ்விடத்தில் தடிக்க வேண்டும், கோடு எங்கே வந்து நிற்க வேண்டும் என்பவற்றை யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கின்றார். அவர் தமிழறிந்தவரா? சித்திரம் பயின்றவரா? இயந்திரம் அறிந்தவரா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இன்றைய என் பேச்சு.

முதலில் ஓலையிலிருந்து தொடங்குவோம். ஓலையும் எழுத்தாணியும் ஒரு காலத்துத் தொழில்நுட்பமே என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். பனையோலையைத் தேர்ந்து, பதப்படுத்தி, அளவாக நறுக்கி, துளையிட்டு, கூரிய ஆணியாற் கீறி, அக்கீறலிற் கரி பூசி எழுத்தைத் துலங்கச் செய்தனர் நம் முன்னோர். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுவது. அந்நரம்போடு சேர்த்து நேர்கோடு கீறினால் ஓலை பிளக்கும். ஆதலினாலேயே தென்னாட்டு எழுத்துக்கள் வட்டமாயின என்று கூறுவாருளர். ஆணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். ஆதலின் ஏடெழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர் என்பர்.

இதன் விளைவு யாது? ஏட்டிலே எகரமும் ஏகாரமும் ஒரே வடிவாயிருந்தன. ஒகரமும் ஓகாரமும் அவ்வாறே. நெட்டெழுத்தைக் காட்டும் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. ‘எரி’ என்றாலும் ‘ஏரி’ என்றாலும் ஏட்டில் ஒன்றே. நெருப்பையும் நீரையும் ஒரே எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, எது என்பதை இடம் நோக்கி உணர்ந்துகொள்ளும்படி வாசிப்பவருக்கே விட்டுவிட்டனர். குருவின் வாயிலிருந்து பாடங் கேட்ட காலத்தில் இதனால் இடர் இல்லை. குருவும் வாய்ப்பாடமும் இல்லாத இடத்திற்கு நூல் போகத் தொடங்கியபோதுதான் இடர் பிறந்தது. ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் எழுதும் வேறுபாட்டை 18ஆம் நூற்றாண்டிலே வீரமாமுனிவர் வகுத்தார் என்று சொல்வர். புள்ளியும் இரட்டைச் சுழிக் கொம்பும் எங்கும் நிலைபெற்றமைக்கு அச்சியந்திரம் பெருந்துணை செய்தது. ஈயத்திலே புள்ளி வைத்தால் தாள் கிழியாதல்லவா?

அச்சின் கதைக்கு வருவோம். தமிழெழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் மிகப் பழையது ‘தம்பிரான் வணக்கம்’. அண்டிரிக் அடிகளார் என்று நம்மவர் வழங்கும் போர்த்துக்கேயப் பாதிரியார் ஆக்கிய அந்நூல் 1578ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆந் திகதி கொல்லத்தில் அச்சிடப்பட்டது. பதினாறே பக்கங்கள். பின்னர் 1713ஆம் ஆண்டிலே, ஜேர்மனி நாட்டு ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துக்கள் கப்பலேறித் தரங்கம்பாடிக்கு வந்தன. தரங்கம்பாடியிலிருந்து போன மாதிரிகளைப் பார்த்து, அந்நகரத்துக் கொல்லர் தாம் வாசிக்க அறியாத எழுத்தைச் செதுக்கினர். அவர்கள் உழைப்பு பெரிது. ஆயினும் அவ்வெழுத்துக்களும் பெரியனவாய்ப் போயின. ஒரு பக்கத்திற் சில வரிகளே அடங்கின. தாளோ கப்பலில் வரவேண்டிய பண்டம். ஆதலின் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்க்க வேண்டியதாயிற்று. அதற்கு ஈயம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கினர். அச்சிறிய எழுத்துக்களே அப்பணியை நிறைவேற்ற உதவின.

இந்த ஒரு செய்தியிலே நமது தலைப்பின் சாரம் முழுவதும் அடங்கியிருப்பதைக் காணலாம். எழுத்தின் வடிவம் கலை. அதை எந்த அளவில், எந்தப் பயனுக்காக அமைப்பது என்பது வடிவமைப்பு. ஈயத்தை உருக்கி வார்ப்பது தொழில்நுட்பம். தாளின் விலையோ கடைத்தெருக் கணக்கு. இந்நான்கும் கூடாவிட்டால் நூல் இல்லை. மொழி வழங்கும் இடத்துக்கும் வார்க்கும் உலைக்கும் நடுவே கடல் கிடந்தபோது எழுத்துப் பயன்படவில்லை. உலை வாசிப்பவரின் அருகே வந்தபோது பயன்பட்டது.

நம் நாட்டில் நடந்ததும் இதற்குச் சான்று. மானிப்பாயில் அமெரிக்க மிஷனரிமாரின் அச்சுக்கூடம் 1834ஆம் ஆண்டிலே வேலை தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகை வெளிவந்தது. 1842இல் மானிப்பாய் அகராதி என வழங்கும் தமிழகராதி அங்கே அச்சாயிற்று. பின்பு சென்னையிலே அமெரிக்க மிஷன் அச்சகத்தை நடத்திய ஹண்ட் என்பவர் தமிழ் அச்செழுத்துக்களைச் சிறிதாகவும் தெளிவாகவும் திருத்தி அமைப்பதிற் பெயர் பெற்றார். 1862இல் அவர் அச்சிட்டு வெளியிட்ட வின்சுலோ தமிழ் ஆங்கில அகராதியிலே 67,000க்கு மேற்பட்ட சொற்கள் உள. அவ்வகராதிப் பணிக்கு வித்திட்டவர் யாழ்ப்பாணத்தில் இருந்த நைற் பாதிரியார். அத்தனை சொல்லையும் ஒரு நூலில் அடக்க வேண்டுமாயின் எழுத்துச் சிறுக்க வேண்டும். சிறுத்தும் ‘ண’கரத்தின் மூன்று சுழியும் ‘ன’கரத்தின் இரண்டு சுழியும் மயங்காதிருக்க வேண்டும். இது கவிஞன் யாப்புக்குள் நின்று பொருளை வெளியிடுவதற்கு ஒப்பான வித்தை.

அக்காலத்திலே நம்மவர் வாளாவிருக்கவில்லை. ஆறுமுக நாவலர் அவர்கள் 1849ஆம் ஆண்டு சதாசிவப்பிள்ளையவர்களோடு சென்னை சென்று, அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்கள். நாவலரின் சைவத் தொண்டையும் உரைநடையையும் நாம் ஆண்டுதோறும் போற்றுகின்றோம். அவர் யந்திரசாலை வைத்தவர் என்பதை அந்த அளவுக்கு எண்ணிப் பார்க்கின்றோமா? சந்தி பிரித்து எளிதில் வாசிக்கத்தக்கதாய், நிறுத்தக் குறிகள் இட்டு, பிழையறப் பரிசோதித்து அவர் வெளியிட்ட பாலபாடங்களும் பதிப்புக்களும் புலமையோடு வடிவமைப்பும் ஆம். எங்கே இடம் விடுவது, எங்கே வரியை முடிப்பது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் நிலையை அவர் தேடிக்கொண்டார். பிறருடைய அச்சுக்கூடத்தில் தம் நூலைக் கொடுத்துவிட்டு வாசலிற் காத்திருக்க அவர் உடன்படவில்லை.

இனி, இன்னோர் இயந்திரத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்தவர் முத்தையா அவர்கள். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை நாள்தோறும் கண்ட அவருக்குத் தமிழுக்கு ஏன் இது இல்லை என்ற எண்ணம் எழுந்தது. எண்ணம் எழுவது எளிது, கணக்குத்தான் கடினம். தமிழில் எழுத்துக்கள் 247. பொறியில் உள்ள விசைகளோ ஏறத்தாழ 45. ஒரு விசைக்கு இரண்டு உருவமாகக் கொண்டாலும் 90 உருவங்களே அடங்கும். 247ஐ 90க்குள் எவ்வாறு அடக்குவது?

நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, இகர விசிறி, ஈகார விசிறி, புள்ளி என உறுப்புக்கள் 7. உகர ஊகாரம் ஏறிய எழுத்துக்கள் தம் உருவமே மாறுதலால் அவை 36. ஆகக் கூட்டினால் 74. எண்ணும் நிறுத்தக் குறியும் கிரந்த எழுத்தும் சேர்த்தால் இடம் நெருக்கம்தான். ஆனால் வழி உண்டு. இன்னொரு சிக்கல்: விசையைத் தட்டினால் உருளை ஓர் அடி நகரும். புள்ளியோ எழுத்தின் தலைக்கு மேல் உட்கார வேண்டும். விசிறியோ எழுத்தின் தோளிற் படிய வேண்டும். இதற்காக முத்தையா அவர்கள் நகரா விசையை அமைத்தார். அதைத் தட்டினால் உறுப்பு மாத்திரம் பதியும், உருளை நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதன் கீழே வந்து சேரும். முதலிற் புள்ளி, பிறகு எழுத்து. கை எழுதும் முறையைத் தலைகீழாக்கினாலும் கண் காணும் வடிவத்தை அவர் காத்தார்.

ஆனாலும், அன்பர்களே, இயந்திரம் கூலி வாங்காமல் வேலை செய்வதில்லை. தட்டச்சுப் பொறியின் உருளை எல்லா எழுத்துக்கும் ஒரே அளவு நகரும் இயல்பினது. ஒல்லியான ரகரத்துக்கும் அகன்ற ணகரத்துக்கும் ஒரே அகலப் பாய் விரித்தால் ஒன்று தளர்ந்து நிற்கும்; மற்றது முடங்கிக் கிடக்கும். எழுத்தின் இயல்பான நடை அங்கே குன்றியது. அலுவலகத்துக்கு வேகம் கிடைத்தது. கண்ணுக்கு அழகு குறைந்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலை அறிந்து செய்தால் அது வடிவமைப்பு. அறியாமற் செய்தால் இழப்பு.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். சங்கங்களின் பழைய மலர்களைப் பிரித்துப் பாருங்கள். ‘லை’, ‘னை’ முதலிய எழுத்துக்களின் முன்னே யானைத் துதிக்கை போன்றதொரு வளைவு இருக்கும். ‘ணா’, ‘றா’, ‘னா’ என்பவை கால் பெறாமல் தாமே வளைந்து நிற்கும். இவ்வாறு வேறுபட்டு நின்ற 13 எழுத்துக்களை மற்றவற்றோடு ஒழுங்குபடுத்திப் பெரியார் ஈ. வெ. ராமசாமி 1935ஆம் ஆண்டு தமது ‘குடிஅரசு’ப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அதை ஏற்றது. காலப்போக்கில் நம் நாட்டிலும் அவ்வடிவே பரவிற்று. கற்போனுக்கும் அச்சுக் கோப்போனுக்கும் சுமை குறைந்தது உண்மை. அத்துதிக்கையின் அழகை விரும்புவோர் அதை இழந்தோம் என வருந்துவதும் உண்மை. நான் இரு பக்கத்தையும் மதிக்கின்றேன். ஒன்றை மட்டும் சுட்டிக்காட்ட விரும்புகின்றேன்: அம்மாற்றத்தைப் பற்றித் தமிழர் தமக்குள்ளே நாற்பது ஆண்டுக்கு மேல் வாதிட்டனர். வாதிட்டு முடிவு செய்வதற்கு இடம் இருந்தது.

கணினிக் காலத்திலோ அவ்விடம் சுருங்கிற்று. கணினியில் எழுத்து ஈயமாயில்லை. வளைவைக் குறிக்கும் கணிதமாயிருக்கின்றது. பிரான்சு தேசத்து ரெனோல்ட் மோட்டார்க் கம்பனியிலே பியேர் பெசியே என்னும் பொறியியலாளர் 1960களிலே மோட்டார் வண்டியின் உடலை வளைப்பதற்குக் கையாண்ட கணிதமே இன்று எழுத்தின் வளைவையும் வரைகின்றது. ஒரு தொடக்கப் புள்ளி, ஒரு முடிவுப் புள்ளி, இடையே வளைவை இழுத்துப் பிடிக்கும் புள்ளிகள். இவற்றை நகர்த்தினால் சுழி விரியும், ஒடுங்கும். வட்டமே உடலான நம் எழுத்துக்கு இதனிலும் இயைந்த கருவி வேறு வேண்டுமோ? அன்று உருக்குக் கோலின் நுனியிலே பல நாள் செதுக்கியதை இன்று நம் வீட்டு மேசையில் இருந்து செய்யலாம்.

வடிவம் எளிதாயிற்று; ஆனால் எண் சிக்கலாயிற்று. கணினி எழுத்தை எண்ணாகவே நினைவில் வைக்கும். தொடக்கத்தில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்கே தமிழ் வடிவத்தைப் போர்த்து எழுதினோம். நம் நாட்டில் பலர் பழகிய ‘பாமினி’ எழுத்துரு அவ்வகையினது. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாகப் போர்த்தியது. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். கடிதமும் கட்டுரையும் கல்வெட்டும் அவ்வாறு எழுதி வைத்த பலருக்கு அந்தத் துன்பம் தெரியும்.

உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட வரிசை ஒதுக்கப்பட்டது. அவ்வரிசை, இந்திய அரசு வட இந்திய எழுத்துக்களுக்கும் தென்னிந்திய எழுத்துக்களுக்கும் பொதுவாக வகுத்திருந்த திட்டத்தைத் தழுவியது. ஆதலின் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே, நம்மிடம் இல்லாத வருக்க எழுத்துக்களுக்குரிய நாற்காலிகள் இன்றும் வெறுமையாகக் கிடக்கின்றன. அதுமட்டுமோ? நம் இலக்கணம் மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்கின்றது. க் என்பதோடு அ சேர்ந்தால் க. ஒருங்குறியோ க என்பதை அடியாகக் கொண்டு, அதன் மேற் புள்ளி ஏற்றினால் க் என்கின்றது. ‘தமிழ்’ என்னும் சொல்லுக்கு எழுத்து மூன்று என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கணினி அதை ஐந்து குறிகளாகவே வைத்திருக்கின்றது.

இதனால் வேலை நடவாமற் போயிற்றா? போகவில்லை. நடக்கின்றது, நன்றாகவே நடக்கின்றது. 2010இல் தமிழ்நாட்டு அரசும் ஒருங்குறியையே தரமாக ஏற்று, அது இயங்காத இடத்துக்கு மாத்திரம் வேறொரு முறையை வகுத்தது. ஆனால் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியாளரின் உறுதியான கொள்கை. துதிக்கை கொம்பை மாற்ற நாற்பது ஆண்டு வாதிட்டோம். இங்கே ஒரு முறை முடிவானது முடிவானதே. அம்மேசையைச் சுற்றி இருந்தவர்களுள் தமிழிலக்கணமும் கணினியும் ஒருங்கே அறிந்த இளைஞர் பலர் இருந்திருப்பின் வரிசை வேறு விதமாய் அமைந்திருக்கக் கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, பாடமாகச் சொல்கின்றேன்.

அப்பாடத்தை இன்னும் நாம் படித்து முடிக்கவில்லை என்பதற்குத் தெருவிலே சான்று உண்டு. பெயர்ப் பலகைகளிற் கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாமற் பின்னே போய் விழுந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். புள்ளி தலையை விட்டுத் தனியே நிற்பதையும் கண்டிருப்பீர்கள். பலகை எழுதியவர் பெரும்பாலும் தவறாகத் தட்டியிருக்க மாட்டார். அவர் கையாண்ட மென்பொருளுக்குக் கொம்பை முன்னே கொண்டுவந்து வைக்கத் தெரிந்திராது. அச்சடித்து, சட்டமிட்டு, மாட்டும் வரையிலே அதைப் பார்த்துத் தமிழ் தெரிந்த ஒருவராவது ‘நில்’ என்று சொல்லவில்லை, அதுதான் கேடு. அண்மையில் வந்த படம் வரையும் இயந்திரங்களும் தமிழெழுத்துப் போலத் தோன்றும் வெறுங்கோடுகளை வரைந்து தந்ததைப் பலர் பார்த்திருக்கலாம். நாம் கற்பியாததை இயந்திரம் எங்ஙனம் அறியும்?

இதே இயந்திரம் நமக்குச் செய்யும் பேருதவியையும் சொல்லாது விடலாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவிலான நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அவற்றுட் சில வேறெங்கும் கிடைக்காதவை. 2005ஆம் ஆண்டிலே ‘நூலகம்’ என்னும் பெயரால் இளைஞர் சிலர் நம் நாட்டுத் தமிழ் வெளியீடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைக்கும் பணியைத் தொடங்கினர். பழைய மலர்களும் பத்திரிகைகளும் பல அங்கே உள்ளன. ஓலை கரையான் வாய்ப்பட்டது. தாள் தீ வாய்ப்பட்டது. பல இடங்களில் பிரதி வைக்கும் இந்த முறை அவ்விரண்டையும் வெல்ல வல்லது. ஆனால் படமாக இருப்பதைத் தேடி வாசிக்க வேண்டுமாயின் கணினி பழைய அச்செழுத்தை அடையாளங் காணவேண்டும். துதிக்கை ஐகாரத்தையும் மங்கிய புள்ளியையும் அதற்குப் பயிற்ற வேண்டும். அதைப் பயிற்றுபவர் அவ்வெழுத்தை வாசிக்க அறிந்தவராய் இருத்தல் வேண்டும்.

சங்கத்து இளைஞர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமைகின்றேன்.

முதலாவது, தமிழைத் தமிழ் விசைப்பலகையிலே பிழையின்றித் தட்டப் பழகுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டிவிட்டு வருவதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம், ணகர னகரங்களையும் ரகர றகரங்களையும் இயந்திரத்தின் விருப்புக்கு விட்டுவிடும் வழக்கமாக மாறலாம்.

இரண்டாவது, சித்திரம் பயில்வோரும் கணினி பயில்வோரும் ஒரே வாங்கில் இருங்கள். ஈய எழுத்துக் கோத்தவர்களும் தூரிகையாற் பலகை எழுதியவர்களும் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். சுழியை எங்கே திறந்துவிட வேண்டும், இரண்டு எழுத்துக்கிடையே எவ்வளவு வெளி விட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அறிவை வளைவுக் கணிதமாக்குவது உங்கள் வேலை. ஓர் எழுத்துருவை முழுமையாகச் செய்து முடிக்கும் இளைஞர் இருவர் இச்சங்கத்திலிருந்து தோன்றினாற் போதும்.

மூன்றாவது, அடுத்த ஆண்டு மலரை நீங்களே அமையுங்கள். எந்த எழுத்து, எவ்வளவு பருமன், ஓரத்தில் எவ்வளவு வெளி, வரிக்கும் வரிக்கும் எவ்வளவு இடைவெளி என்பவற்றை அச்சகத்தாரின் தலையிற் சுமத்திவிடாமல், நீங்கள் கூடியிருந்து ஆராய்ந்து முடிவு செய்யுங்கள். அறுபது வயதைக் கடந்த வாசகர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முதற் பக்கத்தை வாசிக்க முடிகின்றதா என்று பாருங்கள். முடிந்தால் வடிவமைப்பு வென்றது.